மட்டிக்கு எதற்கு வளையல்

போன மாதம் பண்ணையிலிருந்து நிவேதா போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபின் வந்த ஆய்வாளர். படித்த பெண், மரியாதை தெரிந்தவர். சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார். தாய்ச் சிப்பி எடுக்கும் விதிமுறையில் ஏழாவது வரி, ‘ஒவ்வொரு கலனிலும் குழந்தை வளையல் ஒன்று இருத்தல் வேண்டும்.’ எட்டாவது வரி, ‘ஆற்றைக் கடக்குமுன் வாகனம் நின்று செல்லுதல் வேண்டும்.’ இரண்டும் எதற்கு என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். நீங்கள்தான் அப்போது இருந்தவர், சொல்லுங்கள் என்றார்.

நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடி வளையலிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும் என்று ஒருவர் சொன்னாராம். அது பளபளத்தால் காக்கா கிட்டே வராது என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒரு டஜன் பிளாஸ்டிக் வளையல் வாங்கி, அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பரிசோதனைக்கே அனுப்பிவிட்டாராம். நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள். காரணத்தைச் சொன்னதும், “இதெல்லாம் போன்ல சொன்னா நம்ப மாட்டாங்க, எழுதிக் குடு” என்றாள். எழுதிக் கொடுப்பது என்றாலே எனக்கு ஒருவர் ஞாபகம் வருவார். அவரைப் பற்றியும் இதில் வரும்.

என் பெயர் ஏழுமலை. கோமுகி அணைக்குக் கீழே, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், ஒரு மீன் பண்ணையில் முப்பது வருடத்துக்கு மேல் களப்பணியாளர். ஆரம்பத்தில் மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் நான் கற்றது இரண்டு. காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது, அதிகாரி பேசும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கெண்டைக் குஞ்சுகளோடு பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. குஞ்சு வரும், வளரும், லாரியில் போகும்.

கடைசிக் காலத்தில்தான் மட்டி வந்தது. மட்டி என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு பொருள். ஒன்று ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் நன்னீர்ச் சிப்பி. மற்றது புத்தி மட்டான ஆள். சிப்பியைக் குழம்பு வைப்பார்கள், வாத்துக்குப் போடுவார்கள், ஓட்டைச் சுண்ணாம்புக்குச் சுடுவார்கள். முன்பு எந்த ஏரியில் கால் வைத்தாலும் உள்ளங்காலைக் கிழிக்கும். கரும்புக்கு அடிக்கிற மருந்து வழிந்து வழிந்து, மண்ணை அள்ளி அள்ளி, அது ஏரி ஏரியாகக் காணாமல் போனது. அந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு. மிச்சம் இருக்கும் இடத்தில், இருப்பதற்குக் கேடு வராமல் கொஞ்சம் தாய்ச் சிப்பி எடுத்து, பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, முத்து வளர்க்கிற விவசாயிகளுக்குக் கொஞ்சம், எடுத்த ஏரிக்கே திரும்பக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் முத்து. டீக்கடையில் இதைச் சொன்ன அன்றே எனக்கு ‘மட்டி ஏழுமலை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் பொருளில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்காகவே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். ஞானப்பிரகாசம் சார். ஆயுசு முழுக்கக் கடலில் முத்துச் சிப்பியோடு இருந்தவர். வந்த அன்று என்னிடம் முதலில் கேட்டது, “கடல் எந்தப் பக்கம்?” நான் கிழக்கே கையைக் காட்டி, பஸ் மாறி மாறிப் போனால் கடலூரில் பார்க்கலாம் என்றேன். மனிதர் தன் நாற்காலியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் சுவர்தான். மாற்றலாகிப் போகும்வரை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்கு வருவார். முழங்கை வரை நனைத்து, பிறகு மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிச் சூடு பார்ப்பார். சிப்பி தூங்குவது போல மெதுவாகப் பேசுவார். நாம் எதைச் சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, பேனா மூடியைக் கழற்றி நம் பக்கம் நீட்டி, “எழுதிக் குடுங்க” என்பார். பண்ணையில் பாம்பு வந்துவிட்டது என்று ஓடிவந்த வாட்ச்மேனிடமும் அதையே சொன்னார். அவன் எழுதி முடிப்பதற்குள் பாம்பு போய்விட்டது.

சிப்பி எடுக்க அவர் வகுத்த முறை இது. தண்ணீரில் வலையோ மண்வெட்டியோ கூடாது, கால்தான். பத்து மிதித்தால் ஒன்று எடுக்கலாம், ஒன்பதை மிதித்த இடத்திலேயே விட வேண்டும். எடுத்ததைச் சினையா என்று பார்க்க ஒரு ஐஸ் குச்சியை மெலிதாகச் சீவி, ஓடு தானாக வாய் திறக்கும்வரை காத்திருந்து, விரற்கடை கூட அல்ல, நெல் நுழையும் அளவுக்கு மட்டும் நெம்பி, உள்ளே செவுளைப் பார்க்க வேண்டும். ஊறின அவல் மாதிரி தடித்திருந்தால் சினை. மூன்று மூச்சு நேரத்துக்குள் குச்சியை எடுத்துவிட வேண்டும். மூன்று மூச்சு யாருடையது என்று நான் கேட்டேன். “பார்க்கிறவருடையது. அதனால நிதானமா மூச்சு விடுதவர்தான் பார்க்கணும்” என்றார். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். நான் நிதானமானவன் என்று நம்பிவிட்டார், பாவம்.

எங்கள் பக்கம் மட்டி மிச்சமிருந்தது சின்னேரியில். பண்ணைக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே மட்டி இருக்கும் இடம் தெரிந்த கால் ஒன்றே ஒன்று, அது பூங்காவனத்தின் கால். கரும்பு வெட்டுக்கும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிற பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நான் அக்கா என்பேன். கோபம் இல்லாதபோது என்னை ‘சார்’ என்பார், கோபம் வந்தால் ‘யோவ்’. இடுப்பளவு சேற்றில் வெற்றிலை மென்றுகொண்டு, யாரையோ தேடுகிறவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நடப்பார். கால் நிற்கும். குனியாமலே கட்டைவிரலால் எடுத்துக் கைக்குக் கொண்டுவருவார். கூட அவர் சேர்த்துவந்த நாலு பெண்கள்.

முதல் தடவை நாற்பது தாய் வேண்டும் என்று உத்தரவு. காலையிலிருந்து மிதித்தும் பத்துக்கு ஒன்று கணக்கில் பத்து மணி வரை ஆறுதான் சேர்ந்தது. அன்று கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணம். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயாக வேண்டும். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் அதுதான், பாயசம். சினையாக இருப்பதையெல்லாம் எடு, எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பது ஆனதும் யூரியாச் சாக்கில் அள்ளி மொபெட்டின் பின்னால் கட்டினேன். பூங்காவனம் கரையில் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“புள்ளத்தாச்சிய மூட்ட கட்டினு ஆத்தத் தாண்டக் கூடாது சார். நெறமாசம். ஆவாது.”

நான் சிரித்துவிட்டு வண்டியை உதைத்தேன். கல் பாதை, பாலம், கல்யாண மண்டபம். வேப்பமர நிழலில்தான் வண்டியை நிறுத்தினேன், அந்த மட்டும் கருணை இருந்தது. இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பண்ணைக்குப் போய்த் தொட்டியில் விட்டேன்.

மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. பயந்துபோன மட்டி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வயிற்றில் இருப்பதையெல்லாம் முதிராமலே வெளியே தள்ளிவிடும். இது எனக்குத் தெரியாது. ஞானப்பிரகாசம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், கையை விட்டார், வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு ஈரக் கையோடு பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் பதிவேட்டில் ‘பயணக் களைப்பு’ என்று எழுதினேன். அவர் அதைப் படித்தார்.

“யாருக்கு?” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த வாரத்துக்குள் நாற்பது தாயும் ஒவ்வொன்றாக ஓடு விரிந்து செத்துப்போயின. இன்றுவரை எந்தக் கல்யாணத்திலும் நான் பாயசம் தொடுவதில்லை. சர்க்கரை வியாதி என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து, சின்னேரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பொக்லைன் கரையில் வந்து நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை தகவல், திங்கட்கிழமை வேலை. அந்த வட்டாரத்தில் வேறு எந்த ஏரியிலும் மட்டி இல்லை என்பது எனக்கும் சாருக்கும் பூங்காவனத்துக்கும் மட்டும் தெரியும். மிச்சமிருந்த கொஞ்சத்தில் தாய்களை எடுத்துப் பண்ணையில் பிழைக்கவைத்தால் ஏரிக்குத் திரும்பக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் சின்னேரியில் மட்டி அதோடு சரி. நாற்பதை நான் கொன்றேன், மிச்சத்தைப் பொக்லைன் கொல்லும். சாருக்கு வந்த சந்தேகம் வேறு. விதிப்படி பத்துக்கு ஒன்பதை விட வேண்டுமே என்றார். யாருக்கு சார் விடுவது, பொக்லைனுக்கா என்று கேட்டேன். அரை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, சினை இல்லாத ஒன்பதைப் பக்கத்துக் கிணற்றில் விடலாம், கிணறும் ‘மிதித்த இடத்துக்கு அருகில்’தான் என்று தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார். தாய்களுக்கு மட்டும் கிணறு ஆகாது. மட்டிக் குஞ்சு பிறந்ததும் ஒரு மீனின் செவுளைப் பிடித்துக்கொண்டு சில நாள் சவாரி போனால்தான் பிழைக்கும். அந்தக் கிணற்றில் தவளைதான் இருந்தது.

நான் பூங்காவனம் வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நாப்பது பேர வாரிக்கினு போயி கொன்ன. இன்னா மொகத்த வெச்சிக்கினு வந்துக்கிற? யோவ், என் காலு ஒனக்கு வராது.”

தப்பு என்னுடையதுதான் என்றேன். பாயசத்தையும் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் அவர் துரத்தியிருப்பார். பாயசம் என்று கேட்டதும் புடைப்பதை நிறுத்தி, “சேமியாவா, பருப்பா?” என்றார். சேமியா என்றேன். அதற்காகவா என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரே வார்த்தை. வருகிறேன், ஆனால் புள்ளத்தாச்சிகள் ஆற்றைத் தாண்டக் கூடாது.

ஏரி அந்தப் பக்கம், பண்ணை இந்தப் பக்கம். தாண்டாமல் எப்படி? மறுநாள் சனிக்கிழமை ஞானப்பிரகாசம் சாரே ஜீப்பில் வந்தார். அணைக் கரை வழியாகச் சுற்றிப் போனால் அது தாண்டினதாகுமா என்று கேட்டார். ஆறு அணைக்குள்ளும் ஆறுதான் என்றார் பூங்காவனம். இப்போது சித்திரை, ஆற்றில் மணல்தான் இருக்கிறது, தண்ணீர் இல்லாதது எப்படி ஆறாகும் என்று கேட்டார் சார். பூங்காவனம் யோசித்தார். அது நல்ல கேள்வி என்று அவருக்கே பட்டது. யாருக்குத் தெரியும் என்றார். சார் நேராக கிராம நிர்வாக அலுவலரிடம் போய்விட்டார். அவர் பதிவேட்டைப் புரட்டி, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது ஆற்றுப் புறம்போக்கு, ஆக ஆறுதான் என்றார். சார் பேனாவை நீட்டினார். எதற்கு என்று புரியாமலே அவர், ‘மேற்படி ஆறு தற்சமயம் நீரின்றி உள்ளது’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பூங்காவனம் அந்தக் காகிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். காகிதம் இருப்பது நல்லதுதான், ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது என்றார். நிறைமாதக்காரி ஆற்றைத் தாண்டலாம், ஒரே ஒரு காரணத்துக்கு. வளைகாப்புப் போட்டு, பிறந்த வீட்டார் சீரோடு வந்து அழைத்துப்போனால்.

“தாய் வீடு எது?” என்று கேட்டார் சார், வெகு மரியாதையாக.

“ஒங்க பண்ணதான் சார். போர்டுல நீங்களே எயுதி வெச்சிக்கிறீங்களே.”

எங்கள் போர்டில் ‘தாய்ச் சிப்பி இல்லம்’ என்று எழுதியிருந்தது. பெயிண்டர் இடையில் இருந்த ‘சிப்பி’யைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு அது ‘தாய் இல்லம்’தான். சார் எழுதினதை மறுக்கிற ஆள் இல்லை.

“சரி. தாய் வீட்டிலிருந்து யார் வரணும்?”

“தாய்மாமன்” என்றார் பூங்காவனம், அவரை ஏற இறங்கப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலை சின்னேரிக் கரையில் மட்டிக்கு வளைகாப்பு. விஷயம் எப்படியோ பொக்லைன் டிரைவருக்குத் தெரிந்து, புள்ளத்தாச்சி இருக்கிற இடத்தில் மண் அள்ளமாட்டேன், என் வீட்டிலும் எட்டு மாசம் என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுவிட்டான். காண்ட்ராக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வளைகாப்பு எப்போது முடியும் என்று முதலில் அவர்தான் கேட்டார். சீக்கிரம் முடியட்டும் என்று புளிசாதமும் தயிர்சாதமும் தன் செலவில் இறக்கினார். மைக் செட் வேண்டுமா என்றார். சத்தம் கூடாது, அவங்க பயந்துப்பாங்க என்றார் சார். ‘அவங்க’ என்றது மட்டிகளை.

பூங்காவனத்தின் கால் அன்று விடிந்ததிலிருந்து நடந்து பன்னிரண்டு சினை மட்டிகளைக் கொண்டுவந்திருந்தது. பன்னிரண்டு மண்சட்டி, ஒவ்வொன்றிலும் ஏரி மணல், ஏரித் தண்ணீர், மேலே ஈரத்துணி. நான்தான் ஐஸ் குச்சியால் பார்த்தேன், நிதானமாக மூச்சு விட்டு. சந்தனத்தை மட்டிமேல் பூசினால் ஓட்டு வாய் அடைக்கும் என்று சார் சொல்ல, சட்டியின் கழுத்தில் பூசினார்கள். தாய்மாமன் முதலில் பூசினார். தூத்துக்குடிக்காரர், வேட்டி கட்டி, மூன்று விரலால், பன்னிரண்டு சட்டிக்கும் ஒரே அளவு.

பிறகு வளையல். நான் வாங்கிவந்திருந்தது பெரிய பெண்கள் போடும் அளவு. பூங்காவனம் முதல் மட்டியை எடுத்து அதில் நுழைத்தார். மட்டி அந்தப் பக்கம் நழுவி மணலில் விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். கைக்கு நிற்காத வளையல் அபசகுனம் என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். மொபெட்டில் ஓடிப்போய்க் கச்சிராயபாளையம் ஃபேன்சி ஸ்டோரில் குழந்தை வளையல் ஒரு டஜன் வாங்கிவந்தேன். அது கச்சிதமாக நின்றது. ஓட்டின் நடுவயிற்றில், மணிக்கட்டில் நிற்பது போல. பதினொன்றுக்கு நின்றது. பன்னிரண்டாவது வளையலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

பூங்காவனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “இது சின்னப் பொண்ணு சார். புள்ளத்தாச்சி இல்ல. நீ குச்சிய வுட்டு இன்னாத்த பாத்த?”

சார் குனிந்தார். அந்த மட்டியை வாங்கி ஸ்கேல் வைத்து அளந்தார், வளையலையும் அளந்தார், பதினொன்றையும் அளந்தார். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். இத்தனை நாள் நாங்கள் தாய் எது, வளரும் பிஞ்சு எது என்று ஓட்டை நெம்பி நெம்பித் துன்பப்படுத்திக்கொண்டிருந்தோம். வளையலில் நின்றால் மட்டும் நெம்பிப் பார்க்கலாம், நழுவினால் நெம்பாமலே திரும்ப விடலாம். அவர் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை யாரிடமும் நீட்டவில்லை, அவரே எழுதிக்கொண்டார். சின்னப் பெண்ணைக் கிணற்றில் விட்டோம்.

ஜீப்பில் பூங்காவனத்தோடு சேர்த்து ஐந்து பெண்கள், மடியில் இரண்டு இரண்டு சட்டி, பதினோராவது என் மடியில். முன்னால் தாய்மாமன். டிரைவருக்கு உத்தரவு, சட்டித் தண்ணீர் தளும்பக் கூடாது. மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், மலையிலிருந்து சாராயம் இறங்குகிறதா என்று பார்க்கிற போலீஸ் செக்போஸ்ட். இத்தனை சட்டியைப் பார்த்ததும் ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்தி, இதில் இன்னா என்றார்.

“புள்ளத்தாச்சிங்க” என்றார் பூங்காவனம்.

காவலர் ஐந்து பெண்களின் வயிற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சார் இறங்கிப்போய், தாமே எழுதியிருந்த உத்தரவை நீட்டினார். ‘சினைத் தாய்கள் பதினொன்று, பாதுகாப்பாக எடுத்துச்செல்ல.’ காவலர் இரண்டு தடவை படித்தார். ஒரு சட்டியின் துணியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். சேறு நாறியது. சந்தனத்தையும் வளையலையும் கண்டதும் அவருக்கு என்ன தோன்றியதோ, துணியைப் பழையபடி மூடிவிட்டு, முன்னால் ஸ்பீட் பிரேக்கர் இருக்கு, பாத்துப் போங்க என்றார்.

பாலத்தை நெருங்கினால் ஆற்றில் தண்ணீர். கரும்புக்கு அன்று காலையில்தான் அணையில் மதகைத் திறந்திருக்கிறார்கள். கணுக்காலளவு, ஆனால் ஓடுகிற தண்ணீர். சார் சட்டைப்பையிலிருந்து முத்திரை குத்திய காகிதத்தை எடுத்துப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மடித்து உள்ளே வைத்துவிட்டார். பூங்காவனம் வண்டியை நிறுத்தச் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி போனால் சட்டித் தண்ணீர் சுடும், எல்லாம் மறுபடி வயிற்றில் இருப்பதைத் தள்ளிவிடும்.

“கேட்டுக்கினு போவணும் சார், அவ்ளோதான்” என்றார் பூங்காவனம். பெண்கள் சட்டிகளோடு இறங்கி மணலில் உட்கார்ந்தார்கள். பூங்காவனம் எலுமிச்சம்பழத்தை ஆற்றில் விட்டார். சார் போய்க் கையில் ஆற்றுத் தண்ணீரை அள்ளி மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். கண்ணைத் திறந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. பண்ணைத் தொட்டிக்கு வருவதும் இதே தண்ணீர், ஏரித் தண்ணீரைவிடக் குளிர்ச்சி, நேராகப் போட்டிருந்தால் அதிர்ச்சியில் எல்லாம் போயிருக்கும் என்றார். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு கை ஆற்றுத் தண்ணீர். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கை. ஆறு அவர்களை ஏற்றுக்கொள்கிறது என்று பூங்காவனம் சொன்னார், தண்ணீருக்குப் பழக்குகிறோம் என்று சார் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பிறகுதான் தாண்டினோம்.

மறுநாள் காலை நான்தான் முதலில் தொட்டிக்குப் போனேன். பார்க்கப் பயந்து கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். பிறகு பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. பதினொன்றும் வளையலைப் போட்டுக்கொண்டு மணலில் சொருகி நின்றன. நான் அழுதேன். சார் செருப்பைக் கழற்றிக்கொண்டே வந்து, அழுததைப் பார்த்தும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை.

காலம் நிறைந்து அவை குஞ்சு விட்டன, ஒரே நாளில் அல்ல, ஒவ்வொன்றாக. கெண்டைகள் செவுளில் ஏற்றிக்கொண்டு, சில நாளில் தொட்டி மணலில் உதிர்த்தன. மழை பெய்து, தூர்வாரின சின்னேரி நிறைந்ததும் கிணற்றில் விட்டவைகளையும் தாய்களையும் குஞ்சுகளையும் மீன்களையும் ஏரியில் விட்டோம். மறு வருடம் சார் ஓய்வு பெற்றுக் கடலுக்குப் போய்விட்டார். போகும் முன் அவர் எழுதிவைத்த விதிமுறையில்தான் அந்த ஏழாவதும் எட்டாவதும் வரி. காரணத்தை எழுதவில்லை. எழுதினால் மேலிடம் அடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அப்புறம் நானும் ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு கோடையிலும் சின்னேரிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பேன். என் காலுக்கு ஒன்றும் தட்டுப்பட்டதில்லை. நாலு வருடம். நாற்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் நான்தான் அழித்தேன் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதை நிவேதாவிடம் கொடுத்ததும், படித்துவிட்டு, நாமே போய்ப் பார்ப்போம் ஐயா என்றார். போன வாரம் போனோம். பூங்காவனத்தையும் கூட்டிக்கொண்டேன். இப்போது முழங்கால் வலி, தண்ணீரில் இறங்கிவிட்டால் வலி இல்லை என்கிறார். வெற்றிலை மென்றுகொண்டு எங்கேயோ பார்த்தபடி நடந்தார். வெகுநேரம் நடந்தார். கால் நின்றது.

நிவேதா மட்டியை வாங்கி, நான் எழுதியிருந்தபடி வளையலுக்குள் நுழைத்தார். நழுவி விழுந்தது. அடுத்தது, நழுவியது. ஒன்பது கிடைத்தது. ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வளையலுக்குள் வழுக்கிக்கொண்டு போயின. நிவேதா வருத்தத்தோடு செல்போன் செயலியில் ‘தகுதியற்றது, ஒன்பது’ என்று தட்டினார். எல்லாமே சின்னது ஐயா, ஒன்றுகூட ஆகாது என்றார்.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்ட தாய்கள் எல்லாம் வளையலில் நின்றவை. கிணற்றிலிருந்து வந்தவைகளும், அந்தச் சின்னப் பெண்ணும், பண்ணையில் பிறந்த குஞ்சுகளும்கூட இத்தனை வருடத்தில் வளையலைத் தாண்டி வளர்ந்திருக்கும். வளையலுக்குள் நழுவுகிற அளவில் இன்று ஏரியில் இருப்பது என்றால், அது இங்கேயே பிறந்தது. பிள்ளையோ பேத்தியோ, சின்னேரிச் சேற்றில் பிறந்தது. இதை நிவேதாவுக்குப் பூங்காவனம்தான் தண்ணீரில் நின்றபடியே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “சும்மா குந்திக்கினு இருந்தா ஆச்சா? தாய்மாமனுக்கு சேதி சொல்லு சார்” என்றார்.

அங்கிருந்தே தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். போனில் அவர் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. எத்தனை என்றார். ஒன்பது சார். எல்லாம் வளையலுக்குள் போயிற்றா என்றார். போயிற்று சார்.

“பூங்காவனம் என்ன சொல்லுதாங்க?”

“புள்ள பொறந்துடுச்சு, தாய்மாமன்தான் காப்பு போடணும்னு சொல்றாங்க சார்.”

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“அளவு எழுதி அனுப்புங்க” என்றார்.